"இப்போ என்ன பண்றீங்க?" - பட்டதாரிகளைத் தேடும் கல்லூரிகள்... கணக்கில் வராத அந்த மீதிப் பேர் எங்கே?

பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். "டிபார்ட்மென்ட்லருந்து மேடம் பேசறேன்பா. இப்போ என்ன பண்ணிட்டு இருக்க? வேலையில இருந்தா ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்ல அனுப்பு. மேல படிச்சா ஐ.டி கார்டு போட்டோ போதும்."

சிலர் உற்சாகமாகப் பேசுவார்கள். சிலர் "அப்புறம் கூப்பிடுறேன் மேம்" என்று வைத்துவிடுவார்கள். பலர் எடுப்பதே இல்லை. ஏதோ நலம் விசாரிக்க வந்த போன் போலத் தெரியும் இந்த ஐந்து நிமிடப் பேச்சுதான், அடுத்த வருடம் வரும் கல்லூரி விளம்பரங்களில் '95% பிளேஸ்மென்ட்' என்று பெரிய எழுத்தில் நிற்கும் எண்ணுக்கு அடித்தளம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நகையை அடகு வைத்தும், கல்விக்கடன் வாங்கியும் குடும்பங்கள் ஃபீஸ் கட்டுகின்றன.

அப்படியென்றால் அந்த எண் எப்படிச் சேகரிக்கப்படுகிறது, யாரிடம் சமர்ப்பிக்கப்படுகிறது, அதில் யாரெல்லாம் விட்டுப்போகிறார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

யார் கேட்கிறார்கள் இந்தக் கணக்கை?

இந்தியாவில் உயர்கல்வி பற்றிய பெரிய கணக்கெடுப்பு, மத்திய கல்வி அமைச்சகம் நடத்தும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வு. 2010-11 கல்வியாண்டிலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென ஒரு பொறுப்பு அதிகாரி இருப்பார். 2021-22 ஆய்வின்படி நாடு முழுக்க உயர்கல்வியில் இருந்தவர்கள் 4.33 கோடிப் பேர். 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட மொத்தச் சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. நாம் பெருமையோடு மேடைகளில் சொல்லும் எண் இதிலிருந்து வருவதுதான்.

ஆனால் இந்த ஆய்வு கல்லூரி வாசலோடு நின்றுவிடும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்லும். தேறியவர் மறுநாள் எங்கே போனார் என்று சொல்லாது.

அதைக் கேட்பவர்கள் இரண்டு பேர். ஒன்று, 1994-ல் தொடங்கப்பட்டு பெங்களூருவில் இயங்கும் 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு. கல்லூரிகள் 'ஏ', 'ஏ பிளஸ்' என்று பேனர் வைப்பது இவர்கள் தரும் கிரேடைத்தான். இவர்களின் ஐந்தாவது அளவுகோல், மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளியேறிய மாணவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று பட்டியலும் ஆதாரமும் கேட்பார்கள்.

இரண்டாவது, 2015 செப்டம்பரில் அறிமுகமான தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு. 'என்.ஐ.ஆர்.எஃப் ரேங்க்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதல் தரவரிசை 2016 ஏப்ரலில் வந்தது. இன்ஜினீயரிங் பிரிவில் நூற்றுக்கு 20 மதிப்பெண் எடை, 'பட்டப்படிப்பின் பலன்கள்' என்ற தலைப்புக்கு. அதற்குள் வேலைவாய்ப்பும் மேல்படிப்பும் சேர்ந்து ஒரு பங்கு. வேலைக்குப் போனவர்களின் மீடியன் சம்பளம் ஒரு பங்கு. குறித்த காலத்தில் தேர்வு முடித்தவர்கள், பிஹெச்.டி முடித்தவர்கள் என்று மற்ற பங்குகள்.

எக்செல் ஷீட்டோடு போராடும் டிபார்ட்மென்ட்கள்

மேலே இருந்து கேட்பது எளிது. கீழே சேகரிப்பது யார்? பெரும்பாலும் துறையிலேயே வயதில் இளைய உதவிப் பேராசிரியர். வகுப்பு, இன்டர்னல் மார்க், லேப் எல்லாம் போக, முந்தைய பேட்ச்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைக்க வேண்டும். வந்த பதிலை எக்செல் ஷீட்டில் ஏற்றி, ஆதாரத்தை பி.டி.எஃப் ஆக்கி, கல்லூரியின் தர உறுதிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் அது இணையதளத்தில் ஏறும். ஆதாரம் பொருந்தவில்லை என்றால் திரும்பி வரும்.

இதில் முதல் சிக்கல் மிகச் சாதாரணமானது. அட்மிஷன் படிவத்தில் எழுதிய எண் பல நேரம் அப்பாவுடையது. மாணவரின் எண், வேலை தேடி வெளியூர் போனதும் மாறியிருக்கும். கல்லூரி கொடுத்த இமெயில் முகவரியோ, படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் செயல்படாமல் போய்விடும்.

இரண்டாவது சிக்கல் மனசு சம்பந்தப்பட்டது. நல்ல வேலையில் இருப்பவருக்கு மேடம் போன் வந்தால் சந்தோஷம். வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவருக்கு? ஏற்கெனவே கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் "என்னம்மா பண்ற இப்போ?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனவர் அவர். கல்லூரி எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதனால் பதில் சொன்னவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையைவிடக் கணக்கு எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

அந்த 25 பேர்

என்.ஐ.ஆர்.எஃப்-க்குக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் தகவல் ரகசியமல்ல. தரவரிசையில் இடம்பெற்ற கல்லூரிகளின் பி.டி.எஃப் கோப்புகளை அந்த இணையதளத்திலேயே யாரும் போனில் திறந்து பார்க்கலாம். அதில் வேலைவாய்ப்பு, மேல்படிப்பு என்று ஓர் அட்டவணை இருக்கும். எந்த ஆண்டு சேர்ந்தவர்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குத் தேர்வானார்கள் என்று வரிசையாக. காசோலையில் எழுதுவதுபோல் சம்பளத்தை எண்ணிலும் எழுத்திலும் போட்டிருப்பார்கள்.

கற்பனையாக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் 120 பேர் சேர்ந்தார்கள். குறித்த காலத்தில் முடித்தவர்கள் 100. வேலைக்குப் போனவர்கள் 60. மேல்படிப்பு 15.

மீதி 25 பேர் எங்கே? அதற்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. அரியர் காரணமாக 100-க்குள்ளேயே வராத 20 பேரையும் சேர்த்தால், முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்த 120 பேரில் 45 பேரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

அவர்கள் எல்லோரும் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் நூலகத்தில் டி.என்.பி.எஸ்.சி குரூப்-2-க்குப் படித்துக்கொண்டிருக்கலாம். ஒருவர் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து அதை ஆன்லைன் ஆர்டர் எடுக்கும் கடையாக மாற்றியிருக்கலாம். ஒருவர் கைக்குழந்தையோடு இருக்கலாம். ஒருவர் படுத்த படுக்கையான பாட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் நிஜமாகவே ஒன்றரை வருடமாக இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்துகொண்டிருக்கலாம். ஐந்து பேரின் நிலையும் வேறு வேறு. அட்டவணையில் ஐந்து பேரும் ஒன்றுதான்; இல்லாதவர்கள்.

முட்டுக்காட்டைச் சுற்றி ஒரு சுற்று

கணக்கு ஏன் இவ்வளவு கடினம் என்று புரிய, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பக்கம் போனால் போதும். வார இறுதியில் வருபவர்களுக்கு அது படகுத்துறை. ஆனால் அந்தக் கழிமுகத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் படிக்கும் மாணவர்களின் படிப்புகளை எடுத்துப் பார்த்தால், 'வேலைக்குப் போனார், போகவில்லை' என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்கவே அடங்காது.

முட்டுக்காட்டுக்கு வடக்கே கானத்தூரில் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். இங்கே படித்து வெளியே வருபவர்கள் கப்பலுக்குப் போகிறவர்கள். மரைன் இன்ஜினீயரிங் முடித்தவர் ஆறு மாதம் கப்பலில் பணி செய்த பிறகுதான் அடுத்த தகுதித் தேர்வு எழுத முடியும். நாட்டிகல் பிரிவுக்கு இன்னும் கூடுதல் மாதங்கள் கடலில் கழிய வேண்டும். ஆக, பட்டம் கையில் இருந்தாலும் பயிற்சிக்குக் கப்பலில் இடம் கிடைக்காதவரை தொழில் தொடங்கியதாக அர்த்தமில்லை.

கப்பல் வேலை ஒப்பந்த வேலை. சில மாதங்கள் கடலில், சில மாதங்கள் வீட்டில். நடுக்கடலில் இருக்கும்போது கல்லூரி அழைத்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். அவர் வேலையில்தான் இருக்கிறார். ஆனால் கணக்கில் பதில் இல்லாதவர். ஒப்பந்தம் முடிந்து ஊரில் இருக்கும்போது அழைத்தால், "இப்போ வீட்லதான் சார் இருக்கேன்" என்பார். அவர் வேலையில்லாதவரா? அடுத்த மாதம் சிங்கப்பூரில் கப்பல் ஏறப்போகிறவர் அவர்.

இங்கே ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. ஒவ்வொரு கப்பல் பணியாளருக்கும் இண்டோஸ் எண் என்ற பதிவு உண்டு. சி.டி.சி எனப்படும் கப்பல் பணியாளர் புத்தகத்தில் எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்று பதிவாகும். ஆஃபர் லெட்டர் சொல்லாத உண்மையை அந்தப் புத்தகம் சொல்லிவிடும்.

அடுத்து, முட்டுக்காட்டிலேயே இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம். மத்திய அரசு 2005-ல் தொடங்கியது. சிகிச்சை, பயிற்சியோடு சிறப்புக் கல்வி போன்ற மறுவாழ்வுத் துறைப் படிப்புகளும் இங்கே உண்டு. இந்தத் துறையில் தகுதி பெற்றவர்கள், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்துதான் தொழில் செய்ய முடியும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

ஆக, இவர்களைத் தேட ஒரு பதிவேடு இருக்கிறது. இருந்தும் அது சொல்வது 'தகுதியோடு இருக்கிறார்' என்பதை மட்டும்தான். வேலையில் இருக்கிறாரா, சம்பளம் வருகிறதா, பகுதி நேரமா என்பதைச் சொல்லாது. ஒரு சிறப்பாசிரியர் காலையில் ஒரு பள்ளி, மாலையில் நான்கு வீடுகள் என்று போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தரலாம். அவரிடம் ஆஃபர் லெட்டர் கேட்டால் எதை அனுப்புவார்? அவரை நம்பி இருக்கும் ஐந்து குடும்பங்களுக்கு அவர் எவ்வளவு முக்கியம் என்று எந்த பி.டி.எஃப்-பிலும் ஏற்ற முடியாது.

மூன்றாவது, மீன்வளம். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் முட்டுக்காட்டில் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வாணியஞ்சாவடியில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு வளாகம். மீன்வளம் படித்த ஒருவர் சொந்தமாக இறால் பண்ணை போடலாம்; கொடுவா மீன் குஞ்சு வாங்கி வளர்க்கலாம்; கோவளத்தில் அப்பாவின் படகுக்கே திரும்பி, மீனை நேரடியாக ஹோட்டல்களுக்கு விற்கும் தொழிலை ஆரம்பிக்கலாம். படிப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் என்று சொன்னால் அவரைத்தான் சொல்ல வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் அவர் பெயர் வராது.

ஒரே 60 பேர்... மூன்று சதவிகிதம்!

மீதிப் பேர் காணாமல் போவது ஒரு பக்கம். இருக்கிற எண்ணை அழகாகக் காட்டும் வித்தை இன்னொரு பக்கம்.

மேலே சொன்ன கற்பனைக் கல்லூரிக்கே திரும்புவோம். வேலைக்குப் போனவர்கள் 60. சேர்ந்த 120 பேரால் வகுத்தால் 50 சதவிகிதம். பட்டம் முடித்த 100 பேரால் வகுத்தால் 60 சதவிகிதம். "அரியர் இல்லாமல், பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் கொடுத்தவர்கள் 75 பேர்தான்" என்று அந்த 75-ஆல் வகுத்தால் 80 சதவிகிதம். மூன்றுமே கணிதப்படி சரி. பேனரில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, '400 ஆஃபர்கள்' என்ற வாசகம். ஒரே மாணவிக்கு மூன்று நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்தால் அது மூன்று ஆஃபர்; வேலைக்குப் போகப்போவது ஒருவர்தான். தவிர, ஆஃபர் வேறு, சேர்வது வேறு. 2022-ல் ஐ.டி நிறுவனங்களின் ஆஃபர் வாங்கிய மாணவர்கள் பலர், சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது செய்திகளில் வந்தது. கல்லூரிக் கணக்கில் அவர்கள் 'பிளேஸ்டு'. வீட்டுக் கணக்கில் அந்த மாதங்களுக்கு வருமானம் பூஜ்யம்.

சம்பளத்துக்கு வருவோம். ஐந்து பேரின் ஆண்டுச் சம்பளம் 3 லட்சம், 3.5 லட்சம், 4 லட்சம், 4.5 லட்சம், 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 11 லட்சம். ஐவரில் நால்வருக்கு அதில் பாதிகூட வரவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால் 4 லட்சம். அந்த நடு எண்தான் மீடியன். விளம்பரம் 'ஹையஸ்ட் பேக்கேஜ்' சொல்லும், என்.ஐ.ஆர்.எஃப் மீடியனைக் கேட்கிறது. அந்த ஒரு விஷயத்தில் இந்த அட்டவணை பெற்றோர்களின் பக்கம் நிற்கிறது.

15 மாதம் கழித்து ஒரு மெயில்

வெளிநாட்டில் எப்படிக் கேட்கிறார்கள்? பிரிட்டனில் எம்.எஸ்சி படிக்கப் போன பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது நேரடியாகப் பயன்படும் தகவல். அங்கே 'கிராஜுவேட் அவுட்கம்ஸ்' என்று ஒரு சர்வே நடக்கிறது. அதற்கு முன்பு பட்டம் முடித்த ஆறு மாதத்தில், அந்தந்தப் பல்கலைக்கழகமே தன் மாணவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் என்ன தெரியும் என்ற கேள்வியும், தன் மாணவர்களைத் தானே எண்ணித் தானே மதிப்பெண் வாங்கலாமா என்ற கேள்வியும் எழுந்தன. இப்போது படிப்பு முடிந்து சுமார் 15 மாதம் கழித்து, நாடு முழுமைக்கும் ஒரே மைய அமைப்பு கேட்கிறது. பல்கலைக்கழகங்களின் வேலை, மாணவர்களின் சொந்த இமெயிலையும் போன் எண்ணையும் ஒழுங்காகச் சேகரித்துக் கொடுப்பது. புதிய முறையின் முதல் முடிவுகள் 2020-ல் வெளிவந்தன.

செப்டம்பரில் படிப்பு முடித்தவருக்கு, அடுத்த ஆண்டு டிசம்பரில் மெயில் வரும். "குறிப்பிட்ட இந்த ஒரு வாரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பதுதான் அடிப்படைக் கேள்வி. எல்லோருக்கும் ஒரே அளவு இடைவெளி, ஒரே மாதிரிக் கேள்வி.

அதைவிட முக்கியம், பதில்களின் பட்டியல். சம்பள வேலை, சொந்தத் தொழில், மேல்படிப்பு, வேலை தேடுகிறேன் என்பதோடு, சம்பளமில்லாமல் ஒருவரைப் பராமரிக்கிறேன், பயணம் போயிருக்கிறேன், இவை தவிர வேறு என்றும் கட்டங்கள் உண்டு. குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. கூடவே, 'இப்போது செய்வது உங்களுக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிகிறதா, எதிர்காலத் திட்டத்தோடு பொருந்துகிறதா, படித்ததைப் பயன்படுத்துகிறீர்களா' என்றும் கேட்கிறார்கள்.

அங்கும் எல்லோரும் பதில் சொல்லிவிடுவதில்லை. ஆனால் எத்தனை பேரிடம் கேட்டோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் முடிவோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள். படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. 2017-ல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2022-23 கணக்குப்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மொத்த வேலையின்மை 3.2 சதவிகிதம், பட்டதாரிகளில் 13.4 சதவிகிதம். படித்தவர்களில் வேலை தேடுபவர்கள் அதிகம் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் அவர்கள் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் படித்தவர்கள் என்று இதில் தெரியாது. கல்லூரிக் கணக்கில் காணாமல் போனவர்கள் நாட்டின் கணக்கில் தலைகாட்டுகிறார்கள். இரண்டையும் இணைக்கும் கயிறுதான் இல்லை.

அட்மிஷனுக்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

கல்லூரி வாசலில் நிற்கும் பெற்றோருக்குப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த ஐந்தைக் கேட்டால் போதும்.

1. இந்த பிளேஸ்மென்ட் சதவிகிதம் எத்தனை பேரை வைத்துப் போட்டது? சேர்ந்தவர்களா, பட்டம் முடித்தவர்களா, பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களா?

2. இது ஆஃபர் கணக்கா, வேலையில் சேர்ந்தவர்கள் கணக்கா?

3. என் பிள்ளை சேரப்போகும் பிரிவின் மீடியன் சம்பளம் என்ன? கல்லூரி மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்லும் எண் வேண்டாம்.

4. வேலையும் இல்லாமல், மேல்படிப்பும் இல்லாமல் மீதி இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கல்லூரிக்குத் தெரியுமா?

5. ஒரு வருடம் கழித்தும் அதே வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

நான்காவது கேள்விக்கு, "20 பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள், 5 பேர் சொந்தத் தொழில், 8 பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று ஒரு கல்லூரி பதில் சொன்னால், அந்தக் கல்லூரியை நம்பலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்திருப்பவர்கள், தெரிந்ததையும் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார்கள். "எங்க கல்லூரியில எல்லாருக்கும் வேலைதாங்க" என்று சிரித்தால், என்.ஐ.ஆர்.எஃப் பி.டி.எஃப்-பைத் திறந்து கழித்துப் பார்த்துவிடலாம். தரவரிசையில் இல்லாத கல்லூரி என்றால், நாக் அமைப்புக்குக் கொடுத்த சுய மதிப்பீட்டு அறிக்கை அவர்கள் இணையதளத்தில் இருக்கிறதா என்று தேடலாம்.

போன் வந்தால் என்ன செய்யலாம்?

பட்டம் முடித்தவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கல்லூரி முடியும்போதே சொந்த இமெயிலையும் மாறாத ஒரு போன் எண்ணையும் கொடுத்துவிட்டு வரலாம். அழைப்பு வந்தால், நிலைமை எதுவானாலும் அதை அப்படியே சொல்லலாம். "வேலை தேடிட்டு இருக்கேன் மேம்" என்பதும் ஒரு முழுமையான பதில்தான். ஒரே பிரிவிலிருந்து இருபது பேர் அப்படிச் சொன்னால், பாடத்திட்டத்தில் எங்கோ குறை இருக்கிறது என்று அடுத்த போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் யாராவது கேட்பதற்கு ஆதாரம் கிடைக்கும். இருபது பேரும் போனைக் கவிழ்த்து வைத்தால், அதே பாடம் அடுத்த பேட்ச்சுக்கும் போகும்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் 'நம்மிடம் என்ன பேப்பர் இருக்கிறது' என்று ஒதுங்க வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் போன்றவற்றைக் காட்டலாம். இல்லாவிட்டாலும், கையெழுத்திட்ட சுய அறிவிப்பு ஏற்கப்படுமா என்று கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. "கல்லூரியிலிருந்து பேசுகிறோம்" என்று மோசடி அழைப்பும் வரலாம். நிஜமான கணக்கெடுப்புக்கு ஓ.டி.பி தேவையில்லை, வங்கிக் கணக்கு விவரமும் தேவையில்லை. சந்தேகம் வந்தால், துறையின் எண்ணுக்கு நாமே திருப்பி அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். கல்லூரிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சம்பளச் சீட்டு, ஐ.டி கார்டு எல்லாம் தனிப்பட்ட தகவல்கள். அவை பேராசிரியரின் வாட்ஸ்அப்பிலும் பொது கூகுள் ஷீட்டிலும் கிடக்கக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்றே 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

தமிழ்நாட்டால் முடியும்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், பாதி வேலையை மாநிலம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராத மாணவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, வீட்டுக்கு அழைத்துப் பேசி, 'உயர்வுக்குப் படி' முகாம்களுக்கு வரவைத்துக் கல்லூரியில் சேர்க்கும் வேலை, 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் நடக்கிறது. 'எல்லோரும் பாஸ்' என்பதோடு நிற்காமல், 'பாஸ் ஆனவர் எங்கே போனார்' என்று பெயர் பெயராகத் தேடும் முயற்சி அது. காணாமல் போனவரைத் தேடினால் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'எமிஸ்' எண் இருக்கிறது. கல்லூரிக்கு வந்ததும் 'யூமிஸ்' எண் வருகிறது. உதவித்தொகைகள் இந்தப் பதிவை வைத்துத்தான் போகின்றன. பட்டம் வாங்கிய நாளோடு அந்தத் தொடர் அறுந்துவிடுகிறது. மாணவரின் சம்மதத்தோடு அதே எண்ணுக்கு, 15 மாதம் கழித்து ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். கல்லூரி கேட்காமல் அரசே கேட்டால், மதிப்பெண்ணுக்காக எண்ணை அழகாக்கும் தேவையும் குறையும். 'பராமரிப்புப் பணி', 'போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்', 'குடும்பத் தொழில்', 'கப்பலில் இருக்கிறேன்' என்று நம் ஊருக்கு ஏற்ற கட்டங்களையும் அதில் சேர்க்கலாம்.

அந்த மீதி 25 பேரின் பெயரும் ஒவ்வொரு கல்லூரியின் அட்மிஷன் ரிஜிஸ்டரிலும் இருக்கிறது. ஃபீஸ் பாக்கி என்றால் அவர்களை உடனே கண்டுபிடித்துவிட முடிந்தது. படிப்பு முடிந்த பிறகும் ஒருமுறை தேட முடியாதா என்ன?